கணித மேதையும் கண்ணுக்குத் தெரியாத கிருமியும்

இராயபுரத்திலிருந்து பாரிமுனைக்குப் பேருந்தில் செல்லும் மாணவர் யாவரும் துறைமுகத்தின் நீண்ட மதிற்சுவரைக் கடந்தே செல்கிறோம். சரக்கு லாரிகளின் புழுதியில் அதை நின்று பார்ப்பவர் இல்லை. அந்தத் துறைமுகத்தில், 1912 மார்ச் முதல் நாளன்று, கணக்குப் பிரிவில் ஓர் இளைஞர் எழுத்தராகச் சேர்ந்தார். ஊதியம் மாதம் 30 ரூபாய். வயது 24. கல்லூரித் தேர்வில் மீண்டும் மீண்டும் தோற்றவர். அவர்தாம் சீனிவாச இராமானுஜன்.

அவருடைய கணிதத்தைக் கணிதத் துறை நண்பர்கள் எழுதட்டும். விலங்கியல் பயிலும் எனக்கு அவரிடம் வேறொரு ஈடுபாடு உண்டு. முதலாண்டில் நுண்ணோக்கியின்கீழ் நாம் ஆவலோடு தேடும் உயிர் அமீபா. அதன் இனத்தைச் சேர்ந்த ஒன்று மனிதக் குடலில் வாழ்கிறது, சீதபேதியைத் தருகிறது. இராமானுஜன் காசநோயால் இறந்தார் என்றுதான் நாம் பள்ளியில் படித்தோம். ஆனால் அவரைக் கொன்றது பெரும்பாலும் இந்த ஓரணு உயிரே என்று மருத்துவ ஆய்வு ஒன்று கூறுகிறது. அப்படியாயின், நோயின் விதை விழுந்தது இங்கிலாந்தின் பனியில் அன்று. நம் மண்ணிலும் நம் தண்ணீரிலுந்தான். ஆகவே அவருடைய வாழ்க்கையை ஒருமுறை அந்தக் கோணத்திலிருந்து பார்ப்போம்.

1887 டிசம்பர் 22-ஆம் நாள், ஈரோட்டில், தாய்வழிப் பாட்டியின் வீட்டில் இராமானுஜன் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னிதித் தெருவில். தந்தையார் ஒரு துணிக்கடையில் கணக்கர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார். குழந்தைகள் நிலைக்காத காலம் அது. இராமானுஜனுக்குப் பின் பிறந்த மூன்று குழந்தைகள் முதலாண்டு நிறைவதற்குள் இறந்தன. இவருக்கும் இரண்டு வயதில் பெரியம்மை கண்டது, பிழைத்துக்கொண்டார். அம்மைத் தழும்புகள் இறுதிவரை முகத்தில் இருந்தன.

பள்ளியில் அவர் பெற்ற பரிசுகளை எல்லாரும் அறிவர். 1903-இல் கார் என்பவர் தொகுத்த கணித நூலொன்று கைக்கு வந்தது. அன்று முதல் மற்றப் பாடங்கள் அவருக்கு வேம்பாயின. 1904-இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். நம்முடையதைப் போன்ற ஓர் அரசுக் கல்லூரிதான். ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை பறிபோயிற்று. வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். அரியர்ஸ் வைத்திருக்கும் நண்பர்கள் இதைப் படித்து ஆறுதல் கொள்ளலாம். ஆனால் ஆறுதலோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

1906-இல் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது அக்கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்தது. சேத்துப்பட்டுக்கு மாறியது 1940-இல். அன்றைய எஃப். ஏ. வகுப்பில் உடலியலும் ஒரு கட்டாயப் பாடம். அது அவருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. செரிமான உறுப்புகளைப் பற்றிய வினாவுக்கு, இந்தப் பாடம் எனக்குச் செரிக்கவில்லை, செரியாததைத்தான் தந்திருக்கிறேன் என்னும் பொருள்பட விளையாட்டாக எழுதி விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வந்தார் என்பார்கள். குடலைப் பற்றிப் படிக்க மறுத்த அதே ஆண்டில் குடல் அவரைப் படுக்கவைத்தது. கடுமையான சீதபேதி. படிப்பை நிறுத்திவிட்டுக் கும்பகோணம் திரும்பினார். சில மாதங்கள் வீட்டிலேயே இருக்க நேர்ந்தது. பிறகு எழுதிய எஃப். ஏ. தேர்வுகளிலும் தோற்றார். இங்கிலாந்து செல்லுமுன் இருமுறை அவருக்குச் சீதபேதி கண்டதாகத் தெரிகிறது.

சீதபேதி என்பது சாதாரண வயிற்றுப்போக்கு அன்று. பெருங்குடலின் உட்சுவர் அழற்சியுற்றுப் புண்ணாகி, சளியும் இரத்தமும் கலந்து, கடுப்போடு வெளியேறும் நோய் அது. நம் பாட்டிமார் வயிற்றுக்கடுப்பு என்றும் இரத்தபேதி என்றும் சொல்வார்கள். அதற்குக் காரணம் ஒன்றல்ல. 1875-இல் பீட்டர்ஸ்பர்க் நகரில் லோஷ் என்னும் மருத்துவர் நோயாளி ஒருவரின் மலத்தில் அசையும் அமீபாக்களைக் கண்டார். 1897-இல் ஜப்பானில் பரவிய பெருஞ்சீதபேதியின்போது கியோஷி ஷிகா என்னும் இளம் மருத்துவர் ஒரு பாக்டீரியத்தைப் பிரித்தெடுத்தார். ஷிகெல்லா என்று இன்று வழங்குவது அவர் பெயரால்தான். பாக்டீரியச் சீதபேதி திடீரெனக் கடுங்காய்ச்சலோடு வந்து, பிழைத்தவரைச் சில நாள்களில் விட்டுப்போகும். அமீபாச் சீதபேதியின் இயல்பு வேறு. அது மெல்ல வரும், போனதுபோல் இருக்கும், போகாது.

இந்த அமீபாவுக்கு 1903-இல் எண்டமீபா ஹிஸ்டாலிட்டிகா என்று பெயரிட்டவர் ஷௌடின் என்னும் ஜெர்மானிய விலங்கியலார். திசுவைக் கரைப்பது என்பது அப்பெயரின் பொருள். அவர் தம் உடலையே சோதனைக் கூடமாக்கிக்கொண்டவர் என்பர். அமீபாவால் உண்டான கட்டிகளுக்கு அறுவை செய்தபோது 1906-இல் இறந்தார். வயது 34. இராமானுஜன் சென்னையில் சீதபேதியில் விழுந்ததும் அதே ஆண்டுதான்.

அமீபா மனிதருக்குள் வரும் வழி எளியது. நோயுற்றவர் மலத்தில் அது தன்னைச் சுற்றி ஓர் உறையைக் கட்டிக்கொண்டு வெளியேறுகிறது. அந்த உறைக்குள் நான்கு உட்கருக்கள் இருக்கும். ஈரமான மண்ணிலும் நீரிலும் பல நாள் உயிரோடிருக்கும். இரைப்பையின் அமிலம் அதை ஒன்றும் செய்வதில்லை. குடிநீருக்கு நாம் போடும் அளவு குளோரினுக்கும் அது எளிதில் மசியாது, கொதிக்கவைத்தால் மடியும். சிறுகுடலில் உறை உடைந்து, பெருங்குடலில் குடியேறுகிறது. பெரும்பாலோர்க்கு அங்கே எந்தத் தொல்லையும் தராமல் வாழ்ந்துவிடும். சிலருக்குக் குடற்சுவரைத் துளைத்துக் குடுவை வடிவில் புண் உண்டாக்கும். அவர்களிலும் சிலருக்கு இரத்தத்தோடு கல்லீரலுக்குச் சென்று, அங்கே திசுவைக் கரைத்துச் சீழ்க்கட்டியாய் அமர்ந்துகொள்ளும். அந்தக் கட்டி சீதபேதி நின்ற உடனேயே வரவேண்டும் என்பதில்லை. பல ஆண்டுகள் கழித்தும் வரும். அப்போது பேதி இருக்காது. காய்ச்சல், இரவில் வியர்வை, வலப்பக்க வயிற்றுவலி, மெலிவு ஆகியனவே தெரியும். காசநோயின் சாயல் அதில் இருப்பதைப் படிப்பவர் காணலாம்.

அன்றைய சென்னையின் குடிநீரைப் பற்றியும் சொல்லவேண்டும். 1772 முதல் கோட்டைக்கும் பட்டணத்துக்கும் நீர் தந்தவை நம் ஏழுகிணறுகள். 1872-இல் செங்குன்றம் ஏரி நீர் வந்தது. திறந்த மண் வாய்க்காலில் கீழ்ப்பாக்கம்வரை ஓடி, அங்கிருந்து வடிகட்டப்படாமலே இரும்புக் குழாய்களில் வீடுகளுக்குப் போயிற்று. வாய்க்கால் ஓடும் வழியெல்லாம் ஆடும் மாடும் ஆளும் இறங்கியிருப்பர் என்பதை ஊகிக்க ஆராய்ச்சி வேண்டியதில்லை. மணல்வடிப்பான்களோடு கூடிய கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914-இல் வந்தது. மெதுவாக மணலில் இறங்கும் நீரில் அமீபாவின் உறைகள் பெரும்பாலும் தங்கிவிடும். இராமானுஜன் சென்னையை விட்டுக் கப்பலேறியதும் 1914-இல்தான். சென்னையில் அவர் குடித்ததெல்லாம் அதற்கு முந்திய தண்ணீர்.

1909-இல் ஜானகி என்னும் சிறுமியோடு அவருக்குத் திருமணம் நடந்தது. பெண்ணுக்கு வயது பத்து. அடுத்து விதைவீக்கம் கண்டது. அறுவைக்குப் பணமில்லை, 1910 தொடக்கத்தில் ஒரு மருத்துவர் காசு வாங்காமல் செய்தார். இந்த அறுவை பின்னால் இலண்டன் மருத்துவர்களைத் திசை திருப்பப் போவதை யாரும் எண்ணியிரார். வேலை தேடிச் சென்னையில் அலைந்த நாள்களில் மறுபடியும் உடல் முறிந்தது. இராதாகிருஷ்ண ஐயர் என்னும் நண்பர் வீட்டில் படுத்தார். உடனிருந்து பேண ஆள் வேண்டும் என்று மருத்துவர் சொல்லவே, நண்பர் அவரைக் கும்பகோணத்துக்கு இரயில் ஏற்றிவிட்டார். புறப்படும் நேரத்தில் இராமானுஜன் தம் இரண்டு குறிப்பேடுகளை நண்பரிடம் கொடுத்தார். தாம் பிழைக்காவிட்டால் அவற்றைப் பச்சையப்பன் கல்லூரிச் சிங்காரவேலு முதலியாரிடமோ கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் ராஸிடமோ சேர்க்கும்படி கேட்டுக்கொண்டார். உலகக் கணிதம் இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கும் அந்த ஏடுகள் இரயில் நிலையத்தில் இப்படிக் கைமாறின. அப்பொழுது அவருக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும்.

பிழைத்து வந்தார். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் உதவினார். பிறகுதான் துறைமுக வேலை. துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், நம் துறைமுகத்தின் வாயிலை வடகிழக்குப் பக்கம் திருப்பியமைத்த பொறியாளர். கணக்குப் பிரிவின் பொறுப்பாளர் நாராயண ஐயர், தாமே கணிதம் கற்றவர். இருவரும் எழுத்தரின் தகுதியை உணர்ந்தார்கள். இராமானுஜன் ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலித் தெருவில் குடியிருந்தார். அலுவலக நேரத்தில் பேரேடு. மீந்த நேரத்தில், சரக்கைச் சுற்றிவந்த தாள் கிடைத்தாலும் அதில் கணக்கு. இரவில் நாராயண ஐயரோடு சிலேட்டில் கணக்கு. துணியெடுத்துத் துடைத்தால் நேரம் போகுமென்று முழங்கையாலேயே அழிப்பாராம். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதத்தில், துறைமுகக் கணக்குப் பிரிவின் எழுத்தர் என்றுதான் தம்மை அறிமுகம் செய்துகொண்டார். அதே ஆண்டு பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வுதவி தந்தது.

1914 மார்ச் 17-ஆம் நாள், குடுமி நீக்கப்பட்ட தலையோடு, பழக்கமில்லாத கால்சட்டையோடு, அதே துறைமுகத்திலிருந்து நெவாசா என்னும் கப்பலில் புறப்பட்டார். அக்கப்பலில் சௌரி முத்து என்னும் சென்னை மருத்துவரும் பயணம் செய்தார். இங்கிலாந்தில் காசநோய்க்கு மருத்துவமனை நடத்தியவர் அவர். பின்னாளில், 1928-இல், தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனையை நிறுவியவரும் அவரே. சானட்டோரியம் என்று இரயில் நிலையத்துக்கே பெயர் வந்தது அதனால்தான்.

இங்கிலாந்தில் முதல் மூன்று ஆண்டுகள் அவர் உழைத்த உழைப்பை எழுத எனக்குத் தகுதி போதாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். 4 என்னும் எண்ணை முழுஎண்களின் கூட்டலாக ஐந்து வகையில் எழுதலாம். 200-ஐ எத்தனை வகையில் எழுதலாம்? 3,972,999,029,388 வகையில். இத்தகைய பேரெண்களை நெருங்கிப் பிடிக்கும் வாய்பாட்டை ஹார்டியும் அவரும் 1918-இல் வெளியிட்டார்கள். முதல் உலகப்போர் நடந்த காலம். காய்கறி கிடைப்பது அரிது. மரக்கறி உணவைத் தாமே சமைத்து, வேளை தவறி உண்டு, விடிய விடிய விழித்து வேலை செய்தார்.

1917 வேனிற்காலத்தில் படுத்தார். முதலில் இரைப்பைப் புண் என்றனர். பிறகு காசநோய் என்றனர். கப்பலில் கண்ட அதே சௌரி முத்துவின் மருத்துவமனைக்கு அனுப்பினர். அடுத்து மேட்லாக்கில் வேறொரு காசநோய் மருத்துவமனை. திறந்த காற்றே மருந்து என்று நம்பிய காலமாதலால் குளிர் நடுக்கும் அறையில் சாளரங்களைத் திறந்துவைத்திருப்பார்கள். தென்னாட்டு உடம்பு என்ன பாடுபட்டிருக்கும்! இலண்டனில் பேட்டி ஷா என்னும் மருத்துவர் பழைய விதைவீக்க அறுவையை அறிந்து, அங்கே நீக்கப்பட்டது புற்றுக்கட்டியாக இருந்து இப்போது கல்லீரலுக்குப் பரவியிருக்குமோ என்று ஐயுற்றார். அதுவுமில்லை என்றாயிற்று. 1918 இறுதியில் காய்ச்சல் தணிந்தது. எடை ஏறக்குறைய ஆறு கிலோ கூடியது. உடலில் எங்கோ மறைந்திருந்த நஞ்சு ஒன்று இரத்தத்தில் கலந்திருக்கவேண்டும், அது இப்போது வற்றிவிட்டது என்று மருத்துவர்கள் தேறுதல் கூறினர். 1729 என்னும் டாக்சி எண்ணைப் பற்றிய புகழ்பெற்ற உரையாடலும் ஒரு நோய்ப்படுக்கையருகே நடந்ததுதான். இரு கனங்களின் கூட்டலாக இருவகையில் எழுதக்கூடிய மிகச்சிறிய எண் அது என்று படுத்தபடியே சொன்னார். மூளையை அந்த நோய் தொடவில்லை. இராயல் கழகமும் டிரினிட்டி கல்லூரியும் அவரை உறுப்பினராகத் தேர்ந்த ஆண்டும் 1918-ஏ.

இரைப்பை, நுரையீரல், கல்லீரல், இரத்தம் என்று சுற்றிவந்த தீர்ப்புகளில் பெருங்குடல் மட்டும் இல்லாததைக் கவனிக்கவேண்டும். இத்தனைக்கும் அமீபாவால் கல்லீரலில் கட்டி உண்டாவதை 1891-இலேயே பால்டிமோர் மருத்துவர்கள் விளக்கியிருந்தார்கள். மருந்தும் இருந்தது. இப்பிக்காக் வேரிலிருந்து எடுக்கும் எமட்டினை ஊசியாகப் போட்டால் அமீபாச் சீதபேதியும் கல்லீரல் நோயும் குணமாகும் என்பதைக் கல்கத்தாவில் லெனர்ட் ராஜர்ஸ் 1912-இல் காட்டினார். இராமானுஜன் துறைமுக எழுத்தரான ஆண்டு அது! போர்முனைகளிலிருந்து சீதபேதியோடு திரும்பிய படைவீரர்களின் மலத்தைச் சோதித்து, அதில் அமீபாவைத் தேடுவதே அந்த ஆண்டுகளில் இங்கிலாந்தில் டோபெல் என்னும் உயிரியலாரின் பணியாக இருந்தது. தேடத் தெரிந்தவர்கள் அதே நாட்டில் இருந்தார்கள். படைவீரருக்குத் தேடினார்கள். கேம்பிரிட்ஜ் அறிஞருக்குத் தேடவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை போலும். மருத்துவர்களைக் குறைகூறுவதும் முழுதும் நேர்மையாகாது. உடலுக்குள்ளிருக்கும் கட்டியைக் காட்டும் கருவி அன்று இல்லை. எமட்டினும் இதயத்தைத் தாக்கக்கூடிய மருந்தே.

1919 மார்ச்சில் அவர் பம்பாயில் இறங்கினார். நலம் பெற்றவராக வருகிறார் என்று எதிர்பார்த்தவர்கள் எலும்புக்கூட்டைக் கண்டார்கள். சென்னை, கொடுமுடி, கும்பகோணம் என்று காற்று மாற்றினார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சந்திரசேகர் கவனித்துவந்தார். காசநோய் என்பதே அவர் முடிவும். 1920 ஜனவரியில், போலித் தீட்டாச் சார்புகள் என்னும் புதுக் கண்டுபிடிப்பை ஹார்டிக்கு எழுதினார். வலி தாளாத வேளையில் ஜானகி அம்மாள் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார். வலி சற்றுத் தணிந்ததும் இவர் தாளும் கையுமாக உட்காருவார். அந்தத் தாள்கள் பிற்பாடு கேம்பிரிட்ஜ் போய், மறக்கப்பட்டு, 1976-இல் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் கண்ணில்பட்டன. அறுநூறுக்கும் மேற்பட்ட வாய்பாடுகள்! 1920 ஏப்ரல் 26-ஆம் நாள், சேத்துப்பட்டில், 32 வயதில் உயிர் பிரிந்தது. கடல் கடந்தவர் என்று வைதிக உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை.

அறுபதாண்டுகளுக்குமேல் காசநோய் என்பதே வரலாறாக இருந்தது. 1984-இல் ராங்கின் என்னும் கணிதப் பேராசிரியர், இராமானுஜன் நோயாளியாக இருந்த காலத்துக் கடிதங்களையும் செய்திகளையும் தொகுத்தார். அவற்றையெல்லாம் மருத்துவக் கண்ணோடு ஆராய்ந்து, 1994-இல் இராயல் கழகத்தின் இதழில் யங் என்பவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். விட்டு விட்டு வந்த காய்ச்சல், இடையிடையே தேறிய உடல், கல்லீரல் பக்கம் எழுந்த ஐயம், இவற்றுக்கெல்லாம் முன்னே இருமுறை வந்த சீதபேதி. அனைத்தையும் சேர்த்துப் பார்த்து, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயே பொருந்துகிறது என்று முடிவு கட்டினார். உடல் அறுத்துச் சோதிக்கப்படவில்லை. ஆகவே இதை நிறுவப்பட்ட தேற்றம் என்று சொல்வதற்கில்லை. இருக்கும் தடயங்களுக்கு மற்றவற்றைவிடப் பொருத்தமான விடை எனலாம். என் வரையில், காசநோய் என்னும் விடையைவிட இதுவே கணக்குக்கு ஒத்துவருகிறது.

இன்று இந்த நோய்க்கு மெட்ரானிடசோல் என்னும் மருந்து உண்டு. 1960-களில் அமீபாவுக்கு எதிராகப் பயனுக்கு வந்தது. சிற்றூர் மருந்துக்கடையிலும் கிடைப்பது. விலையும் மிகக் குறைவு. ஸ்டான்லி மருத்துவமனை போன்ற இடங்களில் ஸ்கேன் செய்து கட்டியின் இடத்தையும் அளவையும் சில நிமிடங்களில் சொல்லிவிடுகிறார்கள். கட்டி பெரிதானால் ஊசியால் சீழை இறக்குகிறார்கள். பெரும்பாலோர் சில வாரங்களில் வேலைக்குத் திரும்புகிறார்கள். கோடையில் குழாய்த் தண்ணீர் நிறம் மாறி வந்தால், எங்கள் வீட்டில் அம்மா கேள்வி கேட்காமல் அடுப்பில் வைத்துவிடுவார். அமீபாவின் பெயர் அவருக்குத் தெரியாது.

இராயபுரத்திலேயே இராமானுஜனுக்கு ஓர் அருங்காட்சியகம் உண்டு என்பது நம் மாணவர் பலருக்குத் தெரியாது. கணித ஆசிரியர் பி. கே. சீனிவாசன் அவர்களின் முயற்சியால் 1993-இல், அவ்வை அகாடமியில் தொடங்கப்பட்டது. கடிதங்களின் படிகளும் படங்களும் அங்கே வைக்கப்பட்டன.

ஜானகி அம்மாள் கணவருக்குப் பின் எழுபத்துநான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். தையல் கற்று, தைத்துச் சம்பாதித்து, ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்தார். யங்கின் கட்டுரை வந்த அதே 1994-இல், ஏப்ரல் மாதத்தில், திருவல்லிக்கேணியில் காலமானார்.